இன்னும் கொஞ்சம் கிட்டே...

ஒரு போட்டோ. நீங்களும் பார்த்திருக்கலாம். கூடாரத்துக்குள் படுத்திருக்கும் ஆசாமி எடுத்த மாதிரி இருக்கும். வாசலில் ஒரு கரடி. கீழே, ‘ஜப்பானிய போட்டோகிராபர் மிச்சியோ ஹோஷினோ எடுத்த கடைசிப் படம் இதுதான்’ என்று ஒரு வரி. முதலில் இ-மெயிலில் சுற்றியது. அப்புறம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று வாகனம் மாற்றிக்கொண்டு சுற்றியது.

படம் டூப். ஒரு இணையதளம் நடத்திய ஒட்டுவேலைப் போட்டிக்காக யாரோ கம்ப்யூட்டரில் செய்தது.

ஆனால், ஹோஷினோ நிஜம். அவர் கரடியால் செத்ததும் நிஜம். அந்த நிஜக் கதை டூப் படத்தைவிட நம்மை அதிகம் யோசிக்கவைக்கும்.

ஹோஷினோ 1952-ல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது, டோக்கியோவின் பழைய புத்தகக் கடை ஒன்றில் அலாஸ்கா பற்றிய போட்டோ புத்தகம் கண்ணில் பட்டது. அதில் ஷிஷ்மரேஃப் என்ற எஸ்கிமோ கிராமத்தை வானத்திலிருந்து எடுத்த படம். பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரைத் தெரியும் அங்கே? யாரையும் தெரியாது. ‘மேயர், ஷிஷ்மரேஃப், அலாஸ்கா’ என்று விலாசம் எழுதி, உங்கள் ஊருக்கு வரலாமா என்று ஒரு கடிதம் போட்டார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. வா!

1973 கோடையில் போனார். பிறகு அலாஸ்காவே வீடாகிப்போனது. ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மை படித்தார். மான், திமிங்கிலம், கரடி என்று எடுத்துத் தள்ளினார். 1990-ல், ஜப்பானில் போட்டோகிராபர்களுக்கு மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான கிமுரா இஹே விருது. கரடியைப் பற்றி இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1996 ஆகஸ்ட். ரஷ்யாவின் கிழக்கு மூலையில் இருக்கும் கம்சாட்கா, குரில் ஏரி. ஜப்பானிய டி.வி. குழு ஒன்றுடன் வந்திருந்தார் ஹோஷினோ. மற்றவர்கள் மரக் குடிசையில் படுத்தார்கள். இவர் மட்டும் வெளியே கூடாரம் அடித்தார். சால்மன் மீன் ஆற்றில் ஏறும் காலத்தில் கரடிகளுக்கு வயிறு நிறைந்திருக்கும், மனிதரைச் சீண்டாது என்பது அவர் கணக்கு. ஆகஸ்ட் 8. விடியாத இருட்டில் ஒரு கரடி வந்து அவரைக் கூடாரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. வயது 43.

கணக்கு எங்கே தப்பியது?

அது சாதாரணக் காட்டுக் கரடி இல்லை. மனிதர்களின் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி. சம்பவத்துக்குச் சில நாள் முன்பே அந்த முகாமின் உணவுக் கிடங்கைக் குறிவைத்திருந்தது. ஹோஷினோ வாழ்நாளெல்லாம் படித்தது காட்டுக் கரடியை. அன்று வாசலில் நின்றது வேறு பாடம்.

இந்த வித்தியாசம் புரிய, உலகமே கூடிக் கரடியைப் படம் எடுத்த ஓர் இடத்துக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன், 1872-ல் அமைந்த தேசியப் பூங்கா. ஓட்டல்கள் வந்தன. ஓட்டல் வந்தால் எச்சில் இலை வரும். அதைக் கொட்ட ஒரு மேடு வரும். மேட்டுக்குக் கரடி வரும். கரடியைப் பார்க்க ஜனம் வரும். 1930-களில் குப்பை மேட்டுக்கு எதிரே கேலரி மாதிரி பெஞ்சுகள் போட்டு உட்காரவைத்தார்கள். தினமும் காட்சி. மேட்டில் கிரிஸ்லி கரடிகள் விருந்து சாப்பிட, பெஞ்சில் காமிராக்கள் ‘க்ளிக் க்ளிக்’. ரோட்டோரம் இன்னும் மோசம். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கரடி வாயில் பிஸ்கட் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க வீடுகளின் பழைய ஆல்பங்களில் அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன.

ஆல்பத்தில் ஒட்டாத பக்கமும் உண்டு. பூங்கா நிர்வாகத்தின் பதிவுப்படி 1931 முதல் 1969 வரை, கரடியால் காயம்பட்டவர்கள் வருடத்துக்குச் சராசரியாக 48 பேர்! பிஸ்கட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்க்கக் கரடிக்கு நேரமில்லை. ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பார்கள். ருசி கண்டது முந்நூறு கிலோ என்றால்?

1970-ல் யெல்லோஸ்டோன் விழித்துக்கொண்டது. குப்பை மேடுகள் மூடப்பட்டன. கரடிக்குச் சோறு போட்டால் நடவடிக்கை. குப்பைத் தொட்டிகூட கரடி திறக்கமுடியாத டிசைனில் வந்தது. மெல்ல மெல்லக் காயங்கள் குறைந்து, 2000-க்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால், நடுவில் ஒரு பில் வந்தது. அதைக் கட்டியது கரடி. பழகிய சாப்பாட்டை விடமுடியாமல் முகாம்களுக்குள் புகுந்த கரடிகள் ஒவ்வொன்றாகக் கொல்லப்பட்டன. 1975-ல் அமெரிக்க கிரிஸ்லியை அபாயத்திலிருக்கும் உயிரினப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலை.

கனடாவின் கரடி நிபுணர் ஸ்டீபன் ஹெரேரோ, கரடித் தாக்குதல்களை ஆராய்ந்து 1985-ல் ஒரு புத்தகம் போட்டார். மனிதரைப் பார்த்துப் பழகிய கரடி வேறு, மனிதரின் உணவுக்குப் பழகிய கரடி வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். முதலாவது, நம்மை மரம் மட்டை மாதிரி பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இரண்டாவது, நம்மைக் கண்டாலே சாப்பாட்டு நேரம் என்று நினைக்கும். படம் எடுக்கப் போகிறவன் உயிர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அப்படியானால் முதல் ரகக் கரடியை உருவாக்க முடியுமா? முடியும் என்று காட்டிய இடம், அலாஸ்காவின் மெக்நீல் ஆறு.

ரோடு கிடையாது. தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில்தான் போகவேண்டும். கோடையில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். நடுவில் ஒரு அருவி. மீன்கள் அங்கே தேங்கும். கேட்கவேண்டுமா? ஒரே நேரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பழுப்புக் கரடிகள் அருவியில் நின்றதாகக் கணக்கு இருக்கிறது. கரடி தனிமை விரும்பி. இத்தனை கரடிகள் ஓர் இடத்தில் கூடுவது உலகத்தில் வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாத காட்சி.

1954-ல் செசில் ரோட் என்ற போட்டோகிராபர் இதைப் படம்பிடித்து நேஷனல் ஜியாகிரஃபிக்கில் கட்டுரை எழுதினார். அடுத்த வருடமே அந்த இடத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. 1967-ல் அலாஸ்கா சட்டசபை அதைச் சரணாலயமாக அறிவித்தது. போட்டோவால் ஒரு காடு பிழைத்தது.

அதே போட்டோவால் வினையும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் காமிராவோடு கிளம்பிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பாறை. இந்தக் கரையில் நான்கு பேர், அந்தக் கரையில் மூன்று பேர். ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் முகம் தெளிவா விழும்...’ கரடிகள் பார்த்தன. அருவிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டன.

ஆக, 1973-ல் பர்மிட் முறை வந்தது. விதிகளைக் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து பேர்தான். அதுவும் குலுக்கல் முறையில். துப்பாக்கியுடன் ஊழியர் ஒருவர் கூடவே வருவார். முகாமிலிருந்து அருவிக்கு ஒரே பாதை. போய் உட்காரக் குறிப்பிட்ட இடம். கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் ஏறக்குறைய தினமும் ஒரே மாதிரி. யாரும் தனியாக நகரக்கூடாது. கூடாரத்தில் ஒரு மிட்டாய்கூட வைத்திருக்கக்கூடாது. சாப்பாடு, சமையல் எல்லாம் அதற்கென்று இருக்கும் குடிசையில் மட்டும்.

என்னங்க இது, ஹாஸ்டல் வார்டன் மாதிரி?

அப்படித்தான். இந்த ஹாஸ்டலுக்கு 1976 முதல் 2005 வரை வார்டனாக இருந்தவர் லாரி ஆமில்லர். முப்பது சீசன்கள். தாய்க் கரடியின் கூடவே வந்த குட்டிகள் வளர்ந்து, தங்கள் குட்டிகளோடு வருவதைப் பார்த்தவர். அவர் முறையின் சாரம், கரடிக்கு நம்மால் ஆச்சரியமே ஏற்படக்கூடாது என்பதுதான். அதே இடத்தில், அதே நேரத்தில், அதே பத்து பேர் கும்பல். அதனிடம் சாப்பாடும் கிடைக்காது, ஆபத்தும் கிடையாது. கரடிகள் இதைக் கற்றுக்கொண்டன. கற்றுக்கொண்ட பிறகு அவையே கிட்டே வந்தன. சில அடி தூரத்தில் உட்கார்ந்து தாய்க் கரடி குட்டிக்குப் பால் கொடுக்கும். பத்து பேரும் மூச்சுவிட மறந்து பார்ப்பார்கள்.

பர்மிட் வந்து நாற்பது வருடங்களுக்கும் மேலாக அங்கே கரடியால் காயம்பட்ட பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. கட்டுப்பாடு இல்லாத காலத்தைவிட அருவிக்கு வரும் கரடிகளும் பெருகின. படங்களும்தான். கிட்டே போகாதவர்களுக்குக் கிட்டத்துப் படம் கிடைத்தது!

பக்கத்திலேயே கட்மாய் தேசியப் பூங்கா. அங்கே ப்ரூக்ஸ் அருவி. உலகத்தில் மிக அதிகம் பேர் பார்த்த கரடிப் படங்களில் ஒன்று அங்கே எடுக்கப்பட்டது. அருவி உச்சியில் கரடி வாயைத் திறந்தபடி நிற்கிறது. துள்ளிய சால்மன் நேராக வாய்க்குள் போகும் கணம். ‘கேட்ச் ஆஃப் த டே’ என்று தலைப்பு. 1988-ல் எடுத்தவர் தாமஸ் மாங்கெல்சன்.

ஏதோ கரடிக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த மாதிரி தோன்றும். இல்லை. பார்வையாளர் மேடையில் நின்று, அருவியின் விளிம்பில் லென்ஸைக் குறிவைத்து, நாள்கணக்கில் காத்திருந்து எடுத்தது. ஃபிலிம் காலம். எடுத்த படம் விழுந்ததா என்று அப்போது அவருக்கே தெரியாது. வாரங்கள் கழித்து ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வாய்க்குள் மீன் இருக்கிறது! அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது நீளமான லென்ஸும் நீளமான பொறுமையும்.

அதே கட்மாயில்தான் இன்னொருவரும் இருந்தார். திமோத்தி ட்ரெட்வெல். கலிஃபோர்னியாக்காரர். 13 கோடைகள் கரடிகளோடு கழித்தார். அவற்றுக்குப் பெயர் வைத்தார், பேசினார், பாடினார், தொட்டார்கூட. தன் காமிராவில் மணிக்கணக்கில் பதிவு செய்தார். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பணம் வாங்காமல் கரடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், மின்வேலி வேண்டாம் என்றார். கரடி ஸ்பிரே எடுத்துப் போவதையும் நிறுத்திவிட்டார். பூங்கா ஊழியர்கள் எச்சரித்துப் பார்த்தார்கள். பிரயோஜனமில்லை.

2003 அக்டோபர். வழக்கமாக அவர் ஊர் திரும்பியிருக்க வேண்டிய காலம். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கடைசிக் கவளத்துக்காகக் கரடிகள் அலையும் நேரம். அவரும் தோழி ஏமி ஹூகனார்டும், கரடித் தடங்கள் ஓடும் புதருக்கு நடுவே கூடாரம் போட்டிருந்தார்கள். இருவரையும் கரடி கொன்றது. விசாரிக்க வந்த ஊழியர்கள் மீது பாயப் பார்த்த இரண்டு கரடிகள் சுடப்பட்டன. ஒன்றுக்கு வயது 28. கரடிகளுக்கு அது தள்ளாத வயது. 1918-ல் ஏற்பட்ட அந்தக் காட்டின் பதிவுகளில், கரடியால் மனிதர் இறந்தது அதுதான் முதல் முறை. இவர் பதிவுகளை வைத்து ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் எடுத்த ‘கிரிஸ்லி மேன்’ 2005-ல் வந்து உலகம் முழுக்க ஓடியது.

13 வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வட்டி ஒழுங்காக வருகிறது என்று நம்பி முதலைப் போட்டவர்களும் அப்படித்தான் கேட்டார்கள், கம்பெனி கதவைப் பூட்டும் நாள் வரை.

சரி, பழகிய கரடியால் நமக்கு ஆபத்து. நம்மிடம் பழகியதால் கரடிக்கு?

சார்லி ரஸ்ஸல் என்ற கனடாக்காரர், ஓவியர் மௌரீன் என்ஸுடன் 1996-ல் கம்சாட்காவுக்குப் போனார். ஆமாம், ஹோஷினோ இறந்த அதே வருடம், அதே தீபகற்பம். குடிசை கட்டினார். சுற்றிலும் மின்வேலி, கையில் ஸ்பிரே. ட்ரெட்வெல் வேண்டாம் என்ற எல்லாம் இவரிடம் இருந்தன. தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குள் விட்டார். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால், 2003-ல் திரும்பி வந்து பார்த்தபோது பழகிய கரடிகளைக் காணோம். குடிசைச் சுவரில் ஒரு குட்டிக் கரடியின் பித்தப்பை ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போன செய்தி. ஒரு மனிதனை நம்பக் கற்ற கரடிக்கு, அடுத்த மனிதன் வேறு ஆள் என்று தெரிய வழியில்லை.

ஆமில்லருக்கும் இதே கவலை. மெக்நீல் சரணாலயத்தை ஒட்டிய பகுதியில் கரடி வேட்டைக்கு அனுமதிக்கும் முடிவு 2005-ல் வந்தபோது மனம் கசந்துதான் விலகினார். எதிர்ப்பு கிளம்பி, 2007-ல் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

இப்போது விதிமுறைகளுக்கு வருவோம். யெல்லோஸ்டோனில் கரடியிடமிருந்து 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர், தள்ளி நிற்க வேண்டும். அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் 300 கெஜம். யாரோ ஆபீஸில் உட்கார்ந்து போட்ட எண் என்று நினைக்கலாம். 2012 ஆகஸ்டில் டெனாலியில் தனியாக நடந்துபோன ஒருவர் கிரிஸ்லியால் கொல்லப்பட்டார். அந்தப் பூங்காவின் வரலாற்றிலேயே முதல் சம்பவம். அவர் காமிரா கிடைத்தது. கரடியை அவர் ஏழரை நிமிடம் படமெடுத்திருக்கிறார். 26 படங்கள். தூரம் சுமார் 50 கெஜம். முதலில் கரடி பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் படங்களில்தான் அது இவரைக் கவனிக்கிறது. 50 கெஜத்தைக் கடக்கக் கரடிக்கு நான்கு விநாடி போதும்.

அனுபவசாலிகள் சொல்வது இதுதான். கரடி தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால், ஏற்கெனவே நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டீர்கள். ‘ஆஹா, நேராப் பார்க்குதே’ என்று பட்டனை அமுக்கும் நேரம் அல்ல அது. மெதுவாகப் பேசிக்கொண்டே பின்வாங்கும் நேரம். ஓடக்கூடாது. ஓடுவது எதுவானாலும் துரத்தவேண்டும் என்று அதற்குத் தோன்றும். அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். குட்டி தனியாகத் தெரிந்தால் தாய் எங்கே என்று பார்க்கவேண்டும். டெலிபோட்டோ லென்ஸில் ஒரு கண்ணை ஒட்டியிருப்பவனுக்குப் பக்கவாட்டில் வருவது தெரியாது. அதனால் கூட ஓர் ஆள் அவசியம். ஸ்பிரே பையின் அடியில் இருந்தால் இல்லாத மாதிரிதான், இடுப்பில் இருக்கவேண்டும். மிளகாய்க் காரம் கலந்த அந்த ஸ்பிரேயை வைத்து அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. பழுப்புக் கரடியை நூற்றுக்கு 92 தடவை அது நிறுத்தியிருந்தது.

இதெல்லாம் அலாஸ்காவுக்கு. நம்ம ஊர்க் கரடிக்கு அப்படியே பொருந்தாது. நீலகிரியிலும் மற்ற காடுகளிலும் இருப்பது தேன் கரடி. கரையானைத் தோண்டித் தின்பதில் மூழ்கிவிட்டால் ஆள் வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் பார்த்தால் மிரண்டு பாயும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய மிருகம், ஓடுவதைவிடத் திருப்பி அடிப்பதையே நம்பும். அதை இருநூறு அடியில் பார்த்தாலும் அதிகப்படிதான். காருக்குள் இருந்தால் இறங்கக்கூடாது. நடந்து போனால் திரும்பிவிட வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் இப்போது சகஜம். ராத்திரி கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடிக்கிறது, கடையை உடைக்கிறது என்று செய்திகள் வருகின்றன. யெல்லோஸ்டோன் குப்பை மேட்டின் நம்மூர்ப் பதிப்பு. கூட்டம் கூடுகிறது. எல்லார் கையிலும் செல்போன்.

செல்போன் லென்ஸ் அகலமானது. அதில் கரடி எறும்பு மாதிரித் தெரியும். பெரிதாகத் தெரிய ஒரே வழி கிட்டே போவதுதான். 2018 மே மாதம், ஒடிஷாவின் நபரங்பூர் மாவட்டத்தில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு டிரைவர், வழியில் காயத்தோடு கிடந்த கரடியைப் பார்த்தார். வண்டியில் இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். செல்ஃபி எடுக்கப் போனார். கரடி பிடித்துக்கொண்டது. ஒரு தெருநாய் ஓடிவந்து கரடியைக் கடித்து விலக்கப் பார்த்தது. முடியவில்லை. அவர் இறந்துபோனார்.

சுற்றி நின்றவர்களில் சிலர் அதையும் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.